பெண்கடல் சேத்துக்கும் ஆண்கடல் மணலுக்கும் ஒரே ட்ராக் போதுமா?

[காட்சி: தேவிபட்டினத்துக்கு வடக்கே கடற்கரை. தண்ணி உள்வாங்கி, சேறு வெயில்ல மின்னுது. கரையில எட்டுச் சக்கர வண்டி ஒண்ணு நிக்குது.]

வணக்கம். இந்த வண்டியைப் பார்த்ததும் ஆளுங்க கேக்குற முதல் கேள்வி, "அண்ணே, இது தண்ணியில மிதக்குமா?" மிதக்கும். அடிப்பாகம் முழுக்க ஒரே பிளாஸ்டிக் தொட்டி. எட்டு டயரும் சுத்துறதுதான் இதுக்குத் துடுப்பு. தண்ணிக்குள்ள மனுஷன் நடக்குற வேகம் போகும், அவ்வளவுதான். ஆம்பிபியஸ் ஏ.டி.வி.ன்னு சொல்லுவாங்க, அதாவது தரையிலயும் தண்ணியிலயும் ஓடுற வண்டி. கனடாவுல ஆர்கோங்கிற பேர்ல 1967லேருந்து செய்யுறாங்க. அங்கே பனிக்கும் சதுப்புக்கும் பழகின வண்டி இது.

நம்ம கரைக்கு வந்தா அடுத்த கேள்வி வருது. டயருக்கு மேல மாட்டுற ட்ராக், அதாவது பட்டை, வெளியில வாங்கிப் போடலாமா, போட்டா எது? எனக்கு போன்ல வர்ற விசாரணையில பாதி இதுதான். நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: எந்தக் கடல்?

[காட்சி: பாம்பன் பாலத்து மேலேருந்து ரெண்டு பக்கமும் காட்டுறோம்.]

ராமேஸ்வரத்துக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல. வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல். அலை குறைவு, ஆழம் குறைவு, தொண்டி வரைக்கும் பல இடத்துல கரையே சேறும் களியும்தான். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். அலை அடிக்கும், மணல் நிக்கும், நடுவுல முருகைக்கல், அதாவது பவளப்பாறை, கிடக்கும். ஒரே மாவட்டத்துக்குள்ள ரெண்டு தரை. ட்ராக் விக்கிறவர் அனுப்புற போட்டோவுல இருக்குற பனி, ரெண்டுலயும் சேராது.

மணல்காரங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன். தனுஷ்கோடி, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் மணல்ல மட்டும்தான் ஓட்டப் போறீங்கன்னா ட்ராக் வாங்காதீங்க. டயர் காத்தை இறக்குங்க, போதும். 2017ல அரிச்சல்முனை ரோடு திறக்குறதுக்கு முன்னாடி, தனுஷ்கோடி மணல்ல வேன் ஓட்டினவங்க ட்ராக்கா போட்டிருந்தாங்க? பழக்கத்துலதான் ஓட்டினாங்க. உங்க வண்டி டயர் அதைவிட அகலம், காத்து 2, 3 பி.எஸ்.ஐ.தான். ட்ராக் போட்டா அதுக்கும் டயருக்கும் நடுவுல மணல் போய் இறுகும், சக்கரம் சுத்தச் சுத்தத் தேய்க்கும். அந்தக் காசுல ஒரு நல்ல டிரெய்லர் வாங்கலாம்.

சேறுன்னா கதை வேற. ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

[காட்சி: சேத்து ஓரத்துல வெறுங்கால் ஒண்ணு இறங்குது, கணுக்கால் வரைக்கும் புதையுது.]

70 கிலோ ஆள் நடக்கும்போது ஒரு கால்தான் தரையில இருக்கும். பாதம் சுமார் 180 சதுர சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்லயும் 0.39 கிலோ அழுத்தம். டயர்ல காத்து 3 பி.எஸ்.ஐ.ன்னா அழுத்தம் 0.2 கிலோ பக்கம் வரும். இப்ப ஆளும் சாமானும் ஏத்தின வண்டி 800 கிலோ, தரையில படுற ட்ராக் நீளம் 2 மீட்டர்னு எடுத்துக்குவோம். 13 அங்குல ட்ராக்குல 0.06 கிலோ. 18 அங்குலத்துல 0.044. உங்க கால் தர்ற அழுத்தத்துல ஒன்பதுல ஒரு பங்குதான் அது. நீங்க முழங்கால் வரைக்கும் புதையுற இடத்துல வண்டி மேலாக்கப் போறதுக்குக் காரணம் இதுதான்.

அதனால சேத்துக்கு அகலம்தான் முக்கியம். பட்டை மேல குறுக்கே நீட்டிக்கிட்டு இருக்குற கட்டையோட உயரம் பின்னாடிதான். இதை நான் பட்டுத்தான் படிச்சேன். போன வாடைக்காலம் தொண்டிப் பக்கம் பழைய ட்ராக் ஒரு ஜோடி, போட்டோவை மட்டும் பார்த்து வாங்கிப் போட்டுக்கிட்டு இறங்கினேன். கட்டை ஒவ்வொண்ணும் மண்வெட்டி மாதிரி உயரம். சேத்துக்கு மேல ஆடை மாதிரி ஒரு தோல் இருக்கும், தெரியும்ல? அது கொஞ்சம் கெட்டி. அது தாங்குற வரைக்கும் வண்டி போகும். நான் நின்ன இடத்துலயே ஒரு பக்கம் பிரேக் போட்டுத் திருப்பினேன். உயரக் கட்டை அந்தத் தோலைக் கிழிச்சுது, வண்டி உள்ளே இறங்கிடுச்சு, இடது பக்கம் ட்ராக் கழண்டு விழுந்துடுச்சு. வாடைக்காத்துக்குத் தண்ணி ஏறி வருது. கடப்பாரையும் பலகையும் வச்சு நாலு மணி நேரம். உதவிக்கு வந்த, வல்லம் ஓட்டுற மீனவ அண்ணன் சொன்னதை இன்னைக்கும் கடைப்பிடிக்கிறேன்: "சேத்துல திரும்பாதே தம்பி, வளைஞ்சு வா."

அவர் சொன்னது இயந்திரத்துக்கும் பொருந்தும். இந்த வண்டியில ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பாது. ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டித்தான் திரும்பும். ட்ராக் போட்டதும் தரையில உரசுற பரப்பு கூடிடும், பிரேக்கும் செயினும் பெல்ட்டும் கூடுதலா உழைக்கணும். ட்ராக் மாட்டின முதல் மாசம் செயின் தளர்ச்சியை அடிக்கடி பாருங்க.

அடுத்தது, எதுல செஞ்சது. மூணு வகை கிடைக்கும்: முழு ரப்பர், ரப்பர் பட்டையில பிளாஸ்டிக் கட்டை போல்ட் போட்டது, இரும்புக் கட்டை. இரும்பை நம்ம கரைக்கு யோசிக்கவே வேண்டாம். உப்பு தின்னுரும், வண்டி மிதக்கும்போது அத்தனை எடையும் ஏத்திச் செல்லுற சுமையிலேருந்து கழியும். எனக்குப் பிடிச்சது நடு வகை. அந்தக் கட்டை யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலீன். கறிக்கடையில வெட்டுறதுக்குக் கீழே வைக்கிற வெள்ளைப் பலகை இருக்குல்ல, அதோட சொந்தக்காரன். அடர்த்தி 0.93 பக்கம், கடல் தண்ணி 1.025. அதாவது கட்டை தானே மிதக்கும். தண்ணிக்குள்ள அதோட எடை வண்டிக்குப் பாரம் இல்ல. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல திறப்பு இருக்குறதால களி தானா உதிரும். தண்ணியைத் தள்ளவும் டயரைவிட நல்லா உதவும். ஒரு குறை, தார் ரோட்டுல ஓட்டினா சோப்புக்கட்டி மாதிரி தேயும். கடற்கரை வரைக்கும் டிரெய்லர்லதான் கொண்டு போகணும்.

[காட்சி: மேஜை மேல ரெண்டு போல்ட். ஒண்ணு துரு பிடிச்சு நட்டோட ஒட்டிக் கிடக்குது.]

இந்தப் போல்ட்டைக் கிட்டப் பாருங்க. ட்ராக்கோட வந்தது, ஜிங்க் முலாம் போட்டது. ஒரே சீசன்ல இந்தக் கதி. பக்கத்துல இருக்குறது எஸ்.எஸ். 316, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஒரு ரகம். 304 இல்ல, 316ன்னு கேட்டு வாங்குங்க. அதுல 2, 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்பு அரிப்பைத் தாங்குறது அதனாலதான். மாட்டும்போது மரையில கிரீஸ் தடவுங்க, இல்லேன்னா எஸ்.எஸ். நட்டு பாதியில பிடிச்சுக்கும், அறுத்துத்தான் எடுக்கணும்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி வண்டிக்குக் கீழே படுங்க. டயரோட உள்பக்கச் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு எட்டு இடத்துலயும் அளந்து எழுதுங்க. ட்ராக்கோட உள்பக்கப் பல் அந்த இடைவெளியிலதான் ஓடும். பத்தலேன்னா தொட்டியை அறுக்கும், ஓட்டை விழுந்தா வண்டி மிதக்காது. அச்சை நீட்டுற உதிரி சில வண்டிக்குக் கட்டாயம் வேணும், விலை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசுங்க. எட்டு டயரும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமா இருக்கட்டும். ஒண்ணு சின்னதா இருந்தாலும் ட்ராக் அந்த இடத்துல தளர்ந்து கழளப் பார்க்கும். ட்ராக்கோட இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிறதும் டயர் காத்தாலதான். அளவு உங்க வண்டி புத்தகத்துல இருக்கும்.

இங்கதான் நம்ம ஊர்ப் பிரச்சினை ஒண்ணு குறுக்கே வருது: சீமைக்கருவேல முள். கரைக்குப் போற பாதை முழுக்க அதுதான். முள் டயருக்கும் ட்ராக்குக்கும் நடுவுல மாட்டினா, ஒவ்வொரு சுத்துக்கும் அமுங்கி உள்ளே போகும். காத்து இறங்கும், ட்ராக் தொய்யும், அதை நீங்க கவனிக்கிறது ட்ராக் கழண்ட பிறகுதான். பஞ்சர் ஒட்ட ட்ராக்கையே கழட்டணும். மாட்டுறதுக்கு முன்னாடியே எல்லா டயர்லயும் பஞ்சர் தடுக்குற திரவத்தை ஊத்திடுங்க.

அதே மாதிரி நரம்பு வலை, அதாவது நைலான் மீன்வலை. கிழிஞ்சு ஒதுங்கின துண்டு அச்சுல சுத்திக்கிட்டா, சூட்டுல இறுகி, தண்ணி புகாம அடைக்கிற ரப்பர் சீல் அறுந்துபோகும், பேரிங்குல உப்புத் தண்ணி இறங்கும். ட்ராக் மறைக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

எங்கே போகக் கூடாதுங்கிறதையும் மனசார ஒரு வார்த்தை சொல்லணும். மன்னார் வளைகுடாவோட 21 தீவும் 1986லேருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே இறங்கவே கூடாது. தனுஷ்கோடியில பூநாரைக்குன்னே 2025 ஜூன்ல சரணாலயம் அறிவிச்சிருக்காங்க. ஆமை முட்டை வைக்கிற ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கும் மணல் மேட்டுல சக்கரத் தடம் விழவே கூடாது. பொரிச்சு வர்ற குஞ்சு அந்தப் பள்ளத்துல விழுந்தா கடலுக்கு வழி தெரியாம அதுக்குள்ளயே நடந்து செத்துப் போகும். கடல் தாழை, அதாவது கடல்புல், வளர்ந்த ஆழமில்லாத தண்ணியிலயும் ட்ராக் வேண்டாம். அது ஆவுளியாவோட, அதாவது கடல்பசுவோட, மேய்ச்சல். வேரோட பிடுங்கினது திரும்ப வர வருஷக்கணக்காகும். வேலைக்கோ மீட்புக்கோ இறங்கணும்னா வனத்துறைகிட்டக் கேட்டுட்டு, படகு ஏத்துற பழைய தடத்துலயே போங்க.

[காட்சி: பட்டறை வாசல். வண்டி மேல தண்ணி ஊத்துறோம்.]

கடைசியா கழுவுறது. முதல் ரெண்டு மாசம் நான் எங்க ஆழ்குழாய்த் தண்ணியிலதான் கழுவினேன். காஞ்சதும் செயின் மேல வெள்ளையா பூத்திருந்துச்சு. நாக்குல வச்சுப் பார்த்தா உப்பு. நம்ம நிலத்தடித் தண்ணியே அப்படித்தானே. இப்ப சேத்தை அந்தத் தண்ணியில போக்கிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணி ரெண்டு குடம் ஒதுக்குறேன். குடிக்கிற தண்ணிங்கிறதால மனசு உறுத்தும், அதனால ஒரு சொட்டும் ட்ராக் மேல ஊத்துறதில்ல. முதல் குடம் செயினுக்கும் பேரிங்குக்கும், ரெண்டாவது பிரேக்குக்கும். வெயில்ல காய வச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு, அப்புறம்தான் தார்ப்பாய் போட்டு மூடுறது.