இருமும்போது கசிகிறதா?

நேயர்களுக்கு வணக்கம். ஏற்காடு பஸ் ஏறுவதற்கு முன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத பெண்கள் நம் சேலத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டும்வரை அடக்க முடியுமோ என்ற பயம்! தும்மினாலும் இருமினாலும் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது. வயதானால் இப்படித்தான் என்று, பெற்ற மகளிடம்கூடச் சொல்வதில்லை. ஓர் இயன்முறை மருத்துவராக எனக்கு இது மனம் பொறுக்கவில்லை. ஏனென்றால் இதற்கு முதல் சிகிச்சையே உடற்பயிற்சிதான்.

முன் இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை ஒரு தசைத்தளம் தூளிபோல் கிடந்து, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்குகிறது. பிரசவத்தில் அது தளர்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால், சிறுநீர் வெளிவரும் குழாயான சிறுநீர்த் தாரையின் உட்சவ்வும் மெலிகிறது. இந்தத் தசைகளுக்கான பயிற்சியைப் பற்றி அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இலேயே எழுதினார்.

காற்றுப் பிரியாமல் அடக்குவீர்கள் அல்லவா? அதேபோல் உள்ளே, மேல்நோக்கி இழுங்கள். ஐந்து எண்ணும்வரை பிடியுங்கள். பிறகு முழுவதும் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை. பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி முக்குகிறார்கள். அது கசிவை அதிகமாக்கும். அடிவயிற்றில் கை வைத்துப் பாருங்கள், வயிறு புடைக்கக் கூடாது. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. மூச்சு இயல்பாக ஓட வேண்டும். பழகிவிட்டால் அம்மாப்பேட்டையில் தறியில் அமர்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள்.

இருமல் வருகிறது என்று தெரிந்தவுடன், இருமுவதற்கு முன்பே அந்தத் தசையை இறுக்குங்கள். இது மிகவும் பயன் தரும். இரண்டு வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாதமாவது தொடர வேண்டும். எந்தத் தசை என்றே பிடிபடவில்லையா? இயன்முறை மருத்துவரிடமோ மகளிர் நோய் மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் அடர்த்தியானால் பை இன்னும் எரிச்சலடையும். சிறுநீர் அவசரமாக முட்டிக்கொண்டு வந்தால் காபியைக் குறைத்துப் பாருங்கள். ஏற்காட்டுக் காபியை விடச் சொல்வது எனக்கும் வருத்தம்தான்.

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கியதுபோன்ற உணர்வு இருந்தால், பயிற்சியை மட்டும் நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.