மதுரையிலிருந்தே ஏற முடியாதா?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரை விமான நிலையத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் விமானியும் அல்ல, விமான நிலைய அதிகாரியும் அல்ல. டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து முப்பத்தைந்து ஆண்டுகளாக விமான டிக்கெட் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவன். 'அது போதும்' என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். அந்த நிலையத்தின் வரலாறு என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு கேள்வியின் வரலாறுதான். படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். "ஏன் அண்ணே, மதுரையிலிருந்தே ஏற முடியாதா?"

நான் சொன்ன பதில் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

என் ஊர் அவனியாபுரம். தைப்பொங்கல் ஜல்லிக்கட்டை வைத்துத்தான் வெளியூர்க்காரர்களுக்கு எங்களைத் தெரியும். காளைக்கு அடுத்தபடியாக எங்களுக்கு இருந்த பெருமை விமானம். அறுபதுகளின் கடைசியில் நான் அரைக்கால் சட்டைப் பையன். கண்மாய்க் கரையில் மாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது தொலைவில் ஒரு சத்தம் எழும். விசில் போல, பல் கூசுகிற மாதிரி. ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப் விமானத்தின் டார்ட் எஞ்சின் போடுகிற சத்தம் அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த விமானத்துக்கு இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும். ஜன்னல்கள் முட்டை வடிவத்தில் பெரிது பெரிதாக இருக்கும். இறங்கும்போது ஜன்னலில் ஆள் முகம் தெரியுமா தெரியாதா என்று பந்தயம் கட்டுவோம். எனக்கு ஒரே ஒரு தடவை தெரிந்தது: கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண். வீட்டில் சொன்னால் அப்பத்தா நம்பவில்லை. அவருக்கு அது 'ஆகாயக் கப்பல்'. அதில் வெள்ளைக்காரன்தான் போவான் என்பது அவர் முடிவு.

அப்பத்தா அப்படி நினைத்ததில் தப்பில்லை. அவர் பார்த்த காலத்தில் அது வெள்ளைக்காரன் விமானம்தான். 1942ஆம் ஆண்டு மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு அன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. சென்னையில் மூட்டை முடிச்சோடு ஆட்கள் ரயில் ஏறினார்கள். அந்தக் கலவரமான ஆண்டில்தான் பிரிட்டிஷ் விமானப் படை நம் தரையில் இறங்கியது. ஆக, மதுரை விமானத் தளத்துக்கு அடி போட்டது பயணம் அல்ல, போர். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான். 1953இல் தனியார் விமானக் கம்பெனிகள் அரசுடைமையாகி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானது. அறுபதுகளில் அதன் ஃபோக்கர் எங்கள் கண்மாய்க்கு மேலே விசில் அடித்தது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நம் ஓடுபாதையின் ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் வெள்ளையில் பெரிதாக எழுதியிருக்கும். பலர் அதைக் கேட் நம்பர் என்று நினைக்கிறார்கள். அது திசை. திசைமானியில் கிழக்கு 90 பாகை, மேற்கு 270 பாகை. கடைசிச் சைபரை வெட்டினால் 09, 27. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். ஆடியில் மேல்காற்று, ஐப்பசிக்குப் பிறகு கிழக்கே இருந்து வருகிற காற்று. விவசாயிக்கு நெல் தூற்றத் தெரிந்த அதே காற்றுக் கணக்கைத்தான் ஓடுபாதை போட்டவனும் பார்த்திருக்கிறான்.

நான் தொழிலுக்கு வந்தது எண்பதுகளில். அப்போது டிக்கெட் என்பது ஒரு சின்னப் புத்தகம். ஒவ்வொரு தாளின் முதுகிலும் சிவப்புக் கார்பன். பேனாவை அழுத்தி எழுதினால்தான் கடைசித் தாள் வரை எழுத்து இறங்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் குங்குமம் தொட்ட மாதிரி இருக்கும். 2008 ஜூன் முதல் தேதியோடு உலகம் முழுவதும் காகித டிக்கெட் போய்விட்டது. விரல் சுத்தமானது, சரி. ஆனால் டிக்கெட்டை மஞ்சள் துணியில் சுற்றி மீனாட்சியம்மன் சன்னதியில் வைத்துவிட்டு வந்து பெட்டியில் வைக்கிற வழக்கமும் அதோடு போனது.

அந்த டிக்கெட் புத்தகத்தில் மதுரைக்கு 'ஐஎக்ஸ்எம்' என்று மூன்றெழுத்துப் போடுவோம். இப்போதும் உங்கள் பெட்டியில் ஒட்டுகிற சீட்டில் அதைப் பார்க்கலாம். சென்னைக்கு மெட்ராஸின் நினைவாக 'எம்ஏஏ' அமைந்துவிட்டது. நமக்கு, போர்ட் பிளேர், சண்டிகர், மங்களூர் போல, 'ஐஎக்ஸ்' என்று தொடங்குகிற பந்தியில் இடம். பெரிய பந்திக்கு அடுத்த பந்தி என்று நான் கேலியாகச் சொல்வேன்.

எண்பதுகளில் துபாய், சவூதி என்று கிளம்பியவர்களில் பெரும்பாலோர் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கத்து ஆட்கள். மழையை நம்பிய பூமி. பொய்த்தால் போக வேண்டியதுதான். அவர்கள் மதுரைக்கு வந்து, ரயில் ஏறி பம்பாய் போய், அங்கே ஏதாவது லாட்ஜில் நாள் கணக்கில் காத்திருந்து விமானம் ஏறினார்கள். பிறகு சென்னை, திருவனந்தபுரம், திருச்சி. முதுகுளத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன். துபாய் விசா முடிய மூன்று நாள்தான் இருந்தது. திருவனந்தபுரத்தில் விமானம். வாடகை வேன் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றுவிட்டது. நள்ளிரவு, மழை. காலையில் எனக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் வருகிறது. பேச்சு இல்லை, அழுகைதான். எப்படியோ மறுநாளைக்கு இடம் பிடித்துக் கொடுத்தேன். வித்தியாசப் பணத்தை நானே போட்டேன். அவன் இரண்டு வருடம் கழித்து வந்து திருப்பிக் கொடுத்தான், கூடவே ஒரு டார்ச் லைட்டும். அப்போதும் அவன் கேட்டது இதைத்தான்: "மதுரையிலிருந்தே ஏற முடியாதா?" அன்றைக்கு என் பதில், "முடியாது தம்பி. இங்கே சுங்கமும் இல்லை, குடியேற்றச் சோதனையும் இல்லை."

இடையில் மதுரைக்கு ஓர் ஆசை வந்து போனது. 2005இல் மதுரை ஜவுளி ஆலைக் குடும்பம் ஒன்றிலிருந்து பாரமவுண்ட் ஏர்வேஸ் கிளம்பியது. எம்பிரேயர் என்ற பிரேசில் நாட்டு ஜெட் விமானங்கள், அகலமான இருக்கைகள். சின்ன ஊர்களுக்குச் சொகுசு விமானம் என்பது கணக்கு. நூல் நூற்ற ஊர் விமானமும் ஓட்டுகிறதே என்று நெஞ்சை நிமிர்த்தினோம். 2010இல் அது நின்றுவிட்டது. விமானக் கம்பெனி நடத்துவதும் யானை கட்டித் தீனி போடுவதும் ஒன்று. பழனிக்கும் அழகர்கோவிலுக்கும் நேர்ந்துவிட்டால்கூடக் கட்டுப்படியாகாது.

அதே 2010 செப்டம்பரில் புதிய முனையம் திறந்தார்கள். சுமார் 17,560 சதுர மீட்டர். பழைய கட்டடத்தில் வழியனுப்ப வந்தவர்களும் பயணிகளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நிற்போம். புதியதில் கண்ணாடிச் சுவர் வந்தது, கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நம்மை நிறுத்திவிட்டார்கள். 2012 செப்டம்பர் 20ஆம் தேதி மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்குப் பறந்தது. ஸ்பைஸ்ஜெட். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு துபாய், பின்னாளில் சிங்கப்பூர். முதல் துபாய் டிக்கெட்டில் 'ஐஎக்ஸ்எம்' என்று அச்சாகி வந்ததைப் பார்த்தபோது, அந்த முதுகுளத்தூர்ப் பையனைத் தேடிப் பிடித்துக் காட்ட வேண்டும் போல் இருந்தது.

ஜிகர்தண்டாவின் இனிப்பு இரண்டு வாரம்தான் நின்றது. அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஐந்து நிலையங்களுக்குச் சர்வதேசத் தகுதி கொடுத்தது: லக்னோ, வாரணாசி, மங்களூர், திருச்சி, கோவை. நமக்கு இருந்தது 'சுங்க விமான நிலையம்' என்கிற தகுதி. அதாவது சுங்கச் சோதனை உண்டு, வெளிநாட்டு விமானம் போகலாம், 'சர்வதேசம்' என்ற பெயர் மட்டும் இல்லை. ஊரில் பெரிய ஆதங்கம். அதன் பிறகு பல ஆண்டுகள் மேடைகளில் அந்தப் பெயருக்காகக் குரல் கொடுத்தார்கள். கொடுக்கட்டும். ஆனால் டிக்கெட் எழுதியவன் என்ற முறையில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. பெயர்ப்பலகை விமானத்தை இறக்காது. ஒப்பந்தம்தான் இறக்கும்.

கொஞ்சம் விளக்குகிறேன். 1944இல் சிகாகோவில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. ஒரு நாட்டுக்கு மேலே இருக்கிற வானம் அந்த நாட்டுக்கே முழு உரிமை என்பது அதன் முதல் விதி. வரப்புத் தகராறு மண்ணில் மட்டும் இல்லை, ஆகாயத்திலும் உண்டு. அதனால் ஒரு நாட்டின் விமானம் இன்னொரு நாட்டில் இறங்க வேண்டுமென்றால், இரண்டு அரசுகளும் உட்கார்ந்து எழுத வேண்டும்: உன் விமானம் என் நாட்டில் எந்தெந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை தடவை, அல்லது எத்தனை இருக்கை. அந்த ஊர்ப் பட்டியலில் நம் பெயர் இல்லை என்றால், துபாய்க்காரனோ மலேசியாக்காரனோ ஆசைப்பட்டாலும் இங்கே வர முடியாது. தென்கிழக்கு ஆசிய நாட்டு விமானங்கள் வருவதற்கென்று இந்தியா 18 சுற்றுலா ஊர்களைத் திறந்துவிட்டது. அதில் திருச்சி இருந்தது. கயா, கஜுராஹோ எல்லாம் இருந்தன. மீனாட்சியம்மன் குடியிருக்கிற ஊர் இல்லை. இந்திய விமானங்களுக்கு இந்தத் தடை கிடையாது, அவை நம் நாட்டில் எந்த ஊரிலிருந்தும் கிளம்பலாம். ஆனால் அவர்களுக்கு மனம் வர வேண்டும், கையில் விமானம் இருக்க வேண்டும். கொழும்புக்கு மட்டும் இலங்கைக்காரர்கள் தங்கள் விமானத்திலேயே வந்தார்கள். மற்றதெல்லாம் நம் கம்பெனிகளின் தயவு.

அடுத்தது ஓடுபாதை. நம்முடையது சுமார் 7,500 அடி. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவற்றுக்கு அது போதும், துபாய்க்கே போய் வந்திருக்கின்றன. இரண்டு நடைபாதை உள்ள அகன்ற விமானங்களுக்குப் பத்தாது. அதிலும் நம் சித்திரை வெயில் இருக்கிறதே, சூட்டில் காற்று மெலிந்துவிடும். மெலிந்த காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் வலு குறையும். கூடுதல் தூரம் ஓடினால்தான் எழும்பும். ஓட இடம் இல்லை என்றால் சுமையைக் குறைக்க வேண்டும். மல்லிகை வியாபாரிகள் நீண்ட ஓடுபாதை கேட்பது இதனால்தான். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓடுபாதையை நீட்டக் கேட்கிற வலையன்குளம் பக்கத்திலேயே மல்லித் தோட்டங்கள் இருக்கின்றன. விடியலில் பறித்த மொட்டு மலர்வதற்குள் வெளிநாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வேரின் மேலே விமானம் பறக்கிறது, பூ லாரியில் வேறு ஊர் விமான நிலையத்துக்குப் போயிருக்கிறது.

12,500 அடியாக நீட்டுவது திட்டம். அதற்குச் சுமார் 633 ஏக்கர். பத்திரிகையில் அதை ஒரு வரியில் படித்துவிடலாம். அயன்பாப்பாக்குடி, குசவன்குண்டு, பெருங்குடி, சின்ன உடைப்பு என்று சொல்லிப் பாருங்கள், அப்போது கனம் தெரியும். இவை நான் சைக்கிளில் சுற்றிய ஊர்கள். உடைப்பு என்றால் கரை உடைந்த இடம். பெயரிலேயே தண்ணீர் இருக்கிற ஊர். 2024 நவம்பரில் சின்ன உடைப்பு மக்கள் வீட்டைக் காலி செய்ய மாட்டோம் என்று தெருவில் உட்கார்ந்தார்கள். பணம் மட்டும் போதாது, குடியிருக்க மாற்று இடம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், அக்டோபர் முதல் தேதி, நம் நிலையம் 24 மணி நேரமும் இயங்கும் என்று ஆனது. நான் இரண்டு செய்தியையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். விமான நிலையம் வளர வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்டவன் குறைவு, அது என் சோறு. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் கேட்டது அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாற்று இடத்தைக் கையில் கொடுத்துவிட்டு அல்லவா வீட்டைக் கேட்டிருக்க வேண்டும்?

ஓடுபாதை நீள வேண்டிய வழியில் ரிங் ரோடும் குறுக்கே கிடக்கிறது. சாலையைச் சுரங்கமாகக் கீழே விட்டு, ஓடுபாதையை மேலே கொண்டு போகலாம் என்ற யோசனையும் பேசப்பட்டு வந்திருக்கிறது. கீழே லாரி, மேலே விமானம்.

நான் கடையை மகனிடம் விட்டுவிட்டேன். ஆனாலும் பழைய ஆட்கள் வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். சில மாதங்களுக்கு முன் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கோலாலம்பூரில் பிரசவம். கட்டைப் பையில் கருப்பட்டி, சுக்கு, வெள்ளைப்பூண்டு, பழைய காட்டன் சேலை கிழித்த துணி. அவரும் கேட்டார். "ஆத்தா, திருச்சியிலிருந்துதான் நேராகப் போகும்" என்றேன். "அங்கே எதற்கண்ணே போக வேண்டும், நம் ஊரில்தான் இருக்கிறதே" என்றார். 1944லிருந்து தொடங்கிச் சொல்ல முடியுமா? டிக்கெட்டைப் போட்டு, காரும் ஏற்பாடு செய்தேன்.

புறப்பட்ட இரவு அந்த அம்மாவே போன் செய்தார். கார் கப்பலூரில் திரும்பி ரிங் ரோட்டில் ஏறியிருக்கிறது. மண்டேலா நகர் தாண்டும்போது வலது பக்கம் விளக்கு வெளிச்சம். "அண்ணே, இந்தா ஏர்போர்ட் வந்துவிட்டது, டிரைவர் நிறுத்தாமல் போகிறான்" என்று பதறினார். அது இல்லை ஆத்தா, இன்னும் 130 கிலோமீட்டர் இருக்கிறது, தூங்குங்கள் என்றேன்.

வணக்கம்.