பின்னல் போட்டது நான், பரிசு மட்டும் இரண்டாவதா?

வணக்கம் கண்ணுகளா. முகம் ஏன் இப்படிக் கருத்துப் போயிருக்கிறது என்று கமெண்டில் கேட்காதீர்கள், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வெயில்தான். வெயிலே வரவில்லை என்று போன வீடியோவில் புலம்பினேன் இல்லையா, நேற்று ஒரே நாளில் வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிட்டது.

பேத்தியின் குதிரைப் போட்டிக்குப் போயிருந்தோம். பெரிய போட்டி எல்லாம் இல்லை. ஒரு வயல்வெளி, சுற்றுவட்டாரப் பிள்ளைகள், அவர்களுடைய போனிகள். போனியைக் குதிரைக்குட்டி என்று நினைக்காதீர்கள், வளர்ந்ததே அவ்வளவுதான். 148 சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் இங்கே குதிரைக் கணக்கு. பேத்தி ஏறுகிற போனியின் பெயர் பிஸ்கட். கேரட்டோடு என் கைப்பையையும் சேர்த்து இழுத்ததே, அதே ஆசாமிதான்.

விடிவதற்கு முன்னாலேயே போய்ப் பிஸ்கட்டுக்குப் பிடரி பின்னினோம். பின்னினோம் என்ன, நான்தான் பின்னினேன். மகள் போட்ட ஒன்று எலிவால் மாதிரித் தொங்கியது, பிரித்துவிட்டேன். மயிரைத் தண்ணீர் தொட்டு நனைத்து, சிறு சிறு பாகமாகப் பிரித்து, இறுக்கிப் பின்னி, நுனியில் ரப்பர் பேண்ட் போட்டு, அப்புறம் மடித்துச் சுருட்டிக் கழுத்தோடு ஒட்டிய குட்டிக் கொண்டையாக்க வேண்டும். கழுத்தில் ஒற்றைப்படையில் போடுவதுதான் வழக்கமாம், நெற்றியில் தனியாக ஒன்று. இரண்டு பெண்களுக்கு இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய கை இது. அந்த இரண்டையும்விடப் பிஸ்கட் அடக்கமாக நின்றது.

முதலில், யார் நேர்த்தியாக வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிற சுற்று. நடுவரம்மா சேணத்துக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார். பேத்தியின் பூட்ஸைத் தூக்கி அடிப்பக்கம்கூடப் பார்த்தார். பின்னலைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை! இரண்டாம் பரிசாம். முதல் பரிசு வாங்கிய போனிக்கு ஒரு பின்னல் அவிழ்ந்தே கிடந்தது. ஜூம் செய்து எடுத்து வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள்.

இதில் ஒரு கூத்து. பேத்தி வாங்கிய நீல ரிப்பனைப் போட்டோ எடுத்து நியூ ஜெர்சியில் இருக்கிற மகனுக்கு அனுப்பினால், "ஃபர்ஸ்ட் பிரைஸா!" என்று குதிக்கிறான். அமெரிக்காவில் நீல ரிப்பன்தான் முதல் பரிசு. இங்கே சிவப்பு முதல், நீலம் இரண்டாவது. நான் திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும்.

இதனால்தான் மார்க் போடுகிற எதுவும் எனக்குப் பிடிப்பதில்லை. பக்கத்தில் டிரெஸ்ஸாஜ் நடந்தது, குதிரையைச் சொன்னபடி அழகாக நடத்திக் காட்டுகிற போட்டி. ஓரமெல்லாம் ஏ, கே, ஈ, எச் என்று எழுத்துப் பலகைகள். இந்த எழுத்தில் நடையை மாற்று, அந்த எழுத்தில் வட்டம் போடு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். கொட்டாவிதான் வந்தது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் அனுஷ், ஹிருதய், திவ்யாக்ருதி, சுதிப்தி நாலு பேரும் அணித் தங்கம் வாங்கியது இதில்தான். குதிரையேற்றத்தில் 41 வருஷம் கழித்து வந்த தங்கம். அதைக் கண் கொட்டாமல் பார்த்தேன். அது வேறு கதை.

குறுக்கே கட்டை வைத்த தடைகளைத் தாண்டுவதுதான் எனக்கு ஆட்டம். கட்டை விழுந்ததா, விழவில்லையா? அவ்வளவுதான், யார் தயவும் வேண்டாம். உரசினால் பரவாயில்லை. விழுந்தால் 4 தப்புப் புள்ளி, போனி தாண்டாமல் நின்றுவிட்டால் அதற்கும் 4. சின்னப் பிள்ளைகளுக்குக் கிளியர் ரவுண்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எதையும் தள்ளாமல் முடிக்கிற எல்லோருக்கும் ரிப்பன். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு தடவை உள்ளே போகவும் ஐந்து பவுண்டு! அறுநூறு ரூபாய் பக்கம் வருகிறது. அந்த ரிப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுருக்கு வைத்த சாட்டின், நடுவில் வட்ட அட்டை, பின்னால் ஒரு கொக்கி. அந்தக் காசுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு டஜனே வாங்கிவிடலாம்.

முதல் தடவை கட்டை விழுந்தது. போச்சு ஐந்து பவுண்டு. அடுத்த தடவை பூத்தொட்டி வைத்த தடைக்கு முன்னால் பிஸ்கட் நின்று, நிதானமாகப் பூவைத் தின்றது. போச்சு இன்னொரு ஐந்து. பூவுக்கும் தனியாகக் கேட்பார்களோ என்று பயந்தேன், கேட்கவில்லை. மகள் "போதும்மா" என்கிறாள், மாப்பிள்ளை பர்ஸ் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. நான்தான் மறுபடியும் கொடுத்தேன்.

ஆங், சொல்ல விட்டுப்போயிற்று. உள்ளே விடுவதற்கு முன்னால் ஹெல்மெட்டின் தரச்சான்றைப் பார்க்கிறார்கள், தாடை வாரை இழுத்துப் பார்க்கிறார்கள். பேத்தியின் சடையைச் சுருட்டி வலைக்குள் திணிக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பின்னலும் யார் கண்ணிலும் படவில்லை.

சரி, கடைசித் தடை. பிஸ்கட்டின் பின்னங்கால் பட்டது. கட்டையின் ஒரு முனை அதைத் தாங்குகிற கிண்ணத்தில் துள்ளுகிறது, பாதி வெளியே வந்துவிட்டது, உருண்டு திரும்பி உள்ளேயே உட்கார்ந்தது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து நாய்கள் குரைத்தன. வீடியோவில் அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டு மூன்று தடவை போடுகிறேன், யாரும் ஓட்டிவிடக் கூடாது.

வெளியே வந்ததும் இறங்கக்கூட இல்லை. "அம்மாச்சி, அடுத்த உயரமும் போகட்டுமா? அதுவும் அஞ்சு பவுண்டுதான்" என்கிறாள். பர்ஸைத் திறந்தேன், மகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.