கேட்கப் போனவரும் கேட்க வைத்தவரும்: பாரிஸில் பெஞ்சமின் பிராங்க்ளின்

[திரை: அட்லாண்டிக் வரைபடம். ஒரு சிறு கப்பல் கிழக்கே நகர்கிறது.]

1776 டிசம்பர். அமெரிக்கத் தூதராக எழுபது வயது பெஞ்சமின் பிராங்க்ளின் இரண்டு பேரன்களோடு பிரான்ஸ் கரையில் இறங்குகிறார். பிரிட்டனிடமிருந்து அமெரிக்கா சுதந்திரம் அறிவித்து ஐந்து மாதமே ஆகிறது. போதிய வெடிமருந்து இல்லை, காசு இல்லை, சொல்லிக்கொள்ளும்படி கடற்படையும் இல்லை. ஒரு மன்னரை உதறியவர்கள் இன்னொரு மன்னரிடம் உதவி கேட்க வந்திருக்கிறார்கள்!

ஏழாண்டுப் போரில் பிரிட்டனிடம் கனடாவைப் பறிகொடுத்த ஆத்திரம் பிரான்ஸுக்குத் தீரவில்லை. வெளியுறவு அமைச்சர் வெர்ஜென் ஏற்கெனவே திரைமறைவில் உதவிக்கொண்டிருந்தார். நாடக ஆசிரியர் பொமார்ஷே நடத்திய போலி வணிக நிறுவனம் ஒன்றின் வழியாக ஆயுதம் போயிற்று. வெளிப்படையாகக் கைகோக்க மட்டும் தயக்கம். தோற்கப்போகிறவர்களுக்காகப் பிரிட்டனோடு மோதுவானேன்?

[திரை: மென்மயிர்த் தொப்பி அணிந்த பிராங்க்ளின் ஓவியம்.]

பிராங்க்ளின் அவசரப்படவில்லை. பாரிஸை அடுத்த பாஸியில் தங்கினார். பொய்முடியும் பவுடருமாகத் திரிந்த பிரபுக்கள் நடுவே சாதாரண மென்மயிர்த் தொப்பியோடு நடமாடினார். காட்டிலிருந்து வந்த ஞானி என்று பாரிஸ் சொக்கிப்போனது. லண்டனில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த மனிதர் அவர்! ஆனாலும் அந்த நினைப்பை அவர் கலைக்கவில்லை. மூக்குப்பொடி டப்பாக்களில்கூட அவர் முகம் வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், உடனிருந்து உதவிய எட்வர்ட் பேன்கிராஃப்ட் பிரிட்டிஷ் ஒற்றர். பாரிஸின் துய்லெரி தோட்டத்து மரப்பொந்தில் ஒரு சீசாவுக்குள் கடிதம் வைத்துத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

1777 அக்டோபரில் அமெரிக்காவின் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படையே சரணடைந்தது. செய்தி டிசம்பரில் பாஸிக்கு எட்டியதும் பிரிட்டனும் சமாதானம் பேச ஆள் அனுப்பியது. 1778 ஜனவரி 6 அன்று அப்படி வந்த பால் வென்ட்வொர்த் என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஒற்றரைப் பிராங்க்ளின் வீட்டுக்குள் அழைத்துப் பேசினார். உருப்படியாக எதற்கும் பிடிகொடுக்கவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம், இந்தச் சந்திப்பு வெர்ஜென் காதுக்குப் போக வேண்டும் என்பதுதான்.

போயிற்று. இரண்டே நாளில் வெர்ஜெனின் செயலர் வந்து கேட்டார்: நீங்கள் ஆங்கிலேயர் பேச்சைக் கேட்காமலிருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்? கேட்கிறவர் யார், கொடுக்கிறவர் யார் என்பது அந்த இடத்தில் தலைகீழானது. பிப்ரவரி 6 அன்று பிரான்ஸ்-அமெரிக்கக் கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நான்காண்டுகளுக்கு முன் லண்டனில் பிரிட்டிஷ் மன்னரின் ஆலோசனைக் குழு முன் அவமானப்பட்டபோது அணிந்திருந்த அதே வெல்வெட் கோட்டைத்தான் அன்றும் அவர் போட்டிருந்தாராம்.

[திரை: புதுச்சேரி கடற்கரை வரைபடம்.]

அதன் விளைவு நம் பக்கமும் வந்தது. பிரான்ஸும் பிரிட்டனும் மோத, அதே ஆண்டு அக்டோபரில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அமெரிக்காவிலோ 1781-இல் யார்க்டவுனில் பிரெஞ்சுக் கப்பல்கள் கடல்வழியை அடைக்க, பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தார்.

என் கணக்கில் அவருடைய உச்சம் அதற்கும் பிறகுதான். 1782 நவம்பரில், பிரான்ஸைக் கலக்காமலே அமெரிக்கத் தூதர்கள் பிரிட்டனோடு பூர்வாங்கச் சமாதான உடன்பாடு செய்துகொண்டார்கள். வெர்ஜென் கொதித்துக் கடிதம் எழுதினார். மரியாதை தவறியது உண்மைதான் என்று பணிந்து பதில் எழுதிய பிராங்க்ளின், நம்மைப் பிரித்துவிட்டதாக ஆங்கிலேயர் மகிழ்கிறார்கள், இந்தச் சிறு மனத்தாங்கல் வெளியே தெரிய வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சூட்டிலும் புதுக்கடன் கேட்டார். 60 லட்சம் லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கிடைத்தது.