கண்ணாடிச் சிற்பத்தை நிற்க வைப்பது பசையா, எடையா?

[திரையில்: மாட்ரிட், அட்டோசா ரயில் நிலையம் எதிரே கண்ணாடி உருளை]

2004 மார்ச் 11 ரயில் குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்காக மாட்ரிட் நகரில் எழுப்பிய நினைவுச்சின்னம் இது. 2007-இல் திறந்தார்கள், பிறகு மெட்ரோ ரயில் வேலைக்காகப் பிரித்து எடுத்துவிட்டார்கள். உயரம் 11 மீட்டர், 15,000-க்கும் அதிகமான கண்ணாடிக் கட்டிகள். சுவருக்குள் இரும்புத் தூண் ஒன்றுகூட இருக்கவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் உடனே கேட்பது: "அப்படி என்ன பசை போட்டாங்க?"

அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் போக வேண்டும். எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது? அதிலிருந்து ஆரம்பிப்போம்.

[திரையில்: அடுக்கிய கட்டிகள், கீழ்நோக்கி அம்புக்குறி]

11 மீட்டர் உயரக் கண்ணாடி தன் அடிக்கட்டியை எவ்வளவு அமுக்கும்? கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோதான் வருகிறது. கண்ணாடிக்கு இது தூசு. ஆயிரக்கணக்கான கிலோ அமுக்கத்தை அது தாங்கும். ஆனால் இழுத்தால் கதை வேறு. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், அங்கிருந்து விரிசல் ஓடிவிடும். அதனால் பெரிய சிற்பம் திட்டமிடுகிறவர் வரைபடத்தில் தேட வேண்டியது ஒன்றைத்தான்: இழுவிசை எங்கே வருகிறது?

ஒரு உதாரணம். 60 சென்டிமீட்டர் சதுரம், 3 மீட்டர் உயரம் கொண்ட திடக் கண்ணாடித் தூண். கண்ணாடி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ. ஆக தூணின் எடை 2,700 கிலோ. நேராக நின்றால் பிரச்சினை இல்லை. சிற்பி அதைக் கொஞ்சம் சாய்க்க ஆசைப்படுகிறார். ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழே ஒரு கோடு போடுங்கள். அடிப்பரப்பை மூன்று பங்காகப் பிரித்தால், அந்தக் கோடு நடுப்பங்குக்குள் விழ வேண்டும். அதாவது மையத்திலிருந்து 10 சென்டிமீட்டருக்குள். அதுவரை அடி இணைப்பு முழுவதும் அமுக்கத்தில்தான் இருக்கும். தாண்டினால் ஒரு ஓரம் திறக்கப் பார்க்கும்.

பசைக்கு ஆகாதது இந்த ஓரத் திறப்புதான். ஸ்டிக்கர் பொட்டை நேராக இழுத்துப் பாருங்கள், அடம் பிடிக்கும். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் மொத்தமும் வந்துவிடும். காற்றும் ஆள் தள்ளுவதும் இதே வேலையைத்தான் செய்யும் என்பதால், அந்த விசைகளையும் சேர்த்துத்தான் கோடு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். வடிவத்தில் முடிக்க வேண்டியதைப் பசையிடம் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம் என்பது என் கருத்து.

மாட்ரிட்டில் வடிவமே உதவியது. வளைந்து தன்னோடு தானே மூடிக்கொள்ளும் சுவர் எளிதில் சாயாது. ஆம்ஸ்டர்டாமில் 2016-இல் முடிந்த கிரிஸ்டல் ஹவுஸஸ் கடை முகப்பு தட்டையான சுவர். அதனால் பின்பக்கம் கண்ணாடிச் செங்கல்லாலேயே முட்டுச்சுவர்கள் கட்டினார்கள்.

[திரையில்: இரண்டு இணைப்புகள், ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது]

சரி, இப்போது பசை. இரண்டு இடத்திலும் புறஊதா ஒளி பட்டால் இறுகும் அக்ரிலிக் பசைதான். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் பசையின் தடிமன் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் மட்டுமே. அவ்வளவு மெல்லிய இணைப்பு வேண்டுமென்றால் செங்கல்லின் உயரம் கால் மில்லிமீட்டருக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது. செலவு அங்கேதான் போகும். அச்சிலிருந்து வந்தபடியே கட்டியை வைக்க வேண்டுமா, தடிமனான இணைப்புக்குப் போங்கள். ரப்பர் போன்ற சிலிக்கோன் பசை என்றால் பல மில்லிமீட்டர் கூட விடலாம். ஆனால் அது நெகிழும், தாங்கும் சுமை குறைவு, கோடும் கண்ணுக்குத் தெரியும்.

நெகிழ்வு எப்போதும் குறை இல்லை. வெயிலில் 30 மீட்டர் நீளக் கண்ணாடி 40 டிகிரி சூடேறினால், சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி 11 மில்லிமீட்டர் நீளும். மாட்ரிட்டில் பயன்படுத்தியது சூட்டில் குறைவாக விரியும் போரோசிலிகேட் கண்ணாடி, அது அதில் பாதிகூட நீளாது. அடியில் இரும்புத் தட்டு வைத்திருந்தால் அது வேறு அளவில் நீளும். இரண்டுக்கும் நடுவே விறைத்த பசையைப் போட்டால் விரிசல் கண்ணாடியில்தான் விழும். அங்கே மட்டும் நெகிழும் பொருள் போடுங்கள்.

[திரையில்: கூடாரத்துக்குள் வேலை, நீல விளக்கு]

வேலைத்தளத்துக்கு வருவோம். கண்ணாடியைத் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, பசையை ஊற்றிப் பரவவிட்டு, கட்டியை மெதுவாக இறக்க வேண்டும். குமிழ் அகப்பட்டால் வெளியே எடுக்கச் சில நிமிடங்கள்தான். விளக்கைப் போட்டுவிட்டால் முடிந்தது. வெயில் பட்டாலே பசை இறுக ஆரம்பித்துவிடும் என்பதால் கூடாரத்துக்குள் வேலை பார்த்தார்கள். இன்னொன்று: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடி வழியாகப் புறஊதா ஒளி பெரும்பாலும் போகாது. அதற்குப் பின்னால் இந்தப் பசையைப் போட்டால் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஈரமாகவே இருக்கும்.

முதல் வரிசை மட்டம் பிசகினால் மேலே எல்லாமே பிசகும். ஆம்ஸ்டர்டாமில் அந்த மட்டத்தைச் சரிபார்க்கக் கொழுப்பு குறைந்த பாலைப் பயன்படுத்தினார்களாம், அதன் பரப்பு நல்ல பிரதிபலிப்பு தந்ததால்!

கடைசியாக, வார்த்த கட்டிகளை வாங்கும்போது போலரைஸ்டு ஒளியில், அதாவது ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய ஒளியில் வைத்துப் பாருங்கள். அவசரமாக ஆறவைத்திருந்தால் வண்ணப் பட்டைகள் தெரியும். உள்ளே இறுக்கம் இருக்கிறது என்று அர்த்தம். தடிமன் கூடக்கூட ஆறவைக்கும் நேரமும் ஏறும். பலோமர் தொலைநோக்கிக்காக 1934-இல் வார்த்த 5 மீட்டர் கண்ணாடி வட்டு ஆறி முடிக்கச் சுமார் 10 மாதம் ஆனது. அப்படிப் பட்டை தெரியும் கட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். எந்தப் பசையும் அதைக் காப்பாற்றாது.