அடுப்படிக் கதவு ஏன் வெளுத்தது?

நேயர்களுக்கு வணக்கம். நான் மதுரையில் மர பாலிஷ் வேலை பார்க்கிறவன். மைக் முன்னால் பேசிப் பழக்கமில்லை, அதனால் வேலைக்குப் போன இடத்தில் பேசுகிற மாதிரியே பேசிவிடுகிறேன்.

போன வாரம் திருநகரில் ஒரு அம்மா போன் போட்டார்கள். "தம்பி, கிச்சன் கதவெல்லாம் பாலிஷ் போயிருச்சு, மொத்தமாச் சுரண்டிட்டு புதுசா அடிக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தேன். பதினாறு கதவில் கெட்டுப் போனது நாலுதான். சிங்குக்குக் கீழே இரண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் தினமும் மசாலா டப்பா எடுக்கிற கதவு ஒன்று, குக்கருக்கு நேர் மேலே ஒன்று. இடத்தைச் சொன்னாலே பாதி வியாதி தெரிந்துவிடும். சிங்கடியில் தண்ணீர், கைப்பிடியில் கை எண்ணெய், குக்கருக்கு மேலே நீராவி. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது, அதுதான் விஷயம்.

முதலில் கதவில் இருப்பது என்ன பூச்சு என்று தெரிய வேண்டும். கதவைத் திறந்து, உள்பக்கம் கீல் மறைக்கிற மூலையில் பார்க்கலாம். பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் ஒரு சொட்டு நனைத்து அங்கே ஒரு நிமிஷம் வையுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் அரக்கு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். ஒட்டவில்லையா, இன்னொரு பஞ்சில் தின்னர் வையுங்கள். அதில் இளகினால் என்.சி. லேக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் பி.யு., அதாவது பாலியூரிதேன், அல்லது மெலமைன். இரண்டும் இறுகிவிட்டால் கரையாத பூச்சுகள். ஸ்பிரிட்தான் முதலில் என்பது முக்கியம், ஏனென்றால் தின்னரில் அரக்கும் இளகும், வரிசை மாறினால் எது எதென்று குழம்பிவிடும். கேஸ் அடுப்பை அணைத்து, சிலிண்டரையும் மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சரி, குக்கருக்கு மேலே இருந்த கதவு. பழைய தேக்கு, அரக்கு பாலிஷ், மேலே பால் சிந்தினாற்போல் வெள்ளைப் படலம். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் இருப்பதிலேயே லேசான நோய் இதுதான். ஈரம் மரத்துக்குள் போகவில்லை, பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு நாள் காயவிட்டாலே சில சமயம் போய்விடும். போகவில்லை என்றால் காடாத் துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, நன்றாகப் பிழிந்து, கிட்டத்தட்ட உலர்ந்த துணியாலேயே ஒரு தடவல் போதும். துணியை நடுவில் நிறுத்திவிடாதீர்கள், நிறுத்திய இடத்தில் பூச்சு கரைந்து துணி அச்சு விழும்.

வெள்ளை இல்லாமல் கறுப்பாக இருந்தால் வேறு கதை. தண்ணீர் மரத்தைத் தொட்டுவிட்டது. தேக்கில் இருக்கிற துவர்ப்புச் சத்தும் (டானின்), ஆணியிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வருகிற இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் கறை அது. மேலே எத்தனை தடவை பாலிஷ் ஏற்றினாலும் மறையாது. அந்த இடத்துப் பூச்சை முழுக்க எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் தடவி, அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை துடைக்க வேண்டும். அது விஷம். கையுறை போடாமல் தொடாதீர்கள், பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது.

சிங்கடிக் கதவுகளுக்கு வருவோம். அந்த அம்மா முன்பக்கத்தில் உரிந்ததைக் காட்டினார்கள். நான் தரையில் உட்கார்ந்து கதவின் அடிவிளிம்பை விரலால் தடவினேன். சொரசொரவென்று, நனைந்து காய்ந்த அட்டை மாதிரி இருந்தது. அடிவிளிம்பு கண்ணில் படாது என்று பாலிஷ் போட்டவர் அங்கே ஒரு கோட்டுகூட ஓட்டவில்லை. வீடு கழுவுகிற தண்ணீரும் சிங்கில் வழிகிற தண்ணீரும் அந்த வழியாக ஏறி, மரம் ஊதி, பி.யு. பூச்சைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டது. முன்பக்கத்தை மட்டும் சரிசெய்தால் அடுத்த மழைக்குள் திரும்ப உரியும். கதவைக் கழற்றி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, அடிவிளிம்பில் சீலர், அதாவது மரத்தின் துளையை அடைக்கிற அடிப்பூச்சு, இரண்டு கோட்டு கொடுத்த பிறகுதான் முன்பக்கமே.

கைப்பிடிக் கதவில்தான் வேலை அதிகம். கைப்பிடியைச் சுற்றி நகத்தால் சுரண்டினால் பழுப்பு நிறத்தில் களி மாதிரி வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற லிக்விட் நாலு சொட்டு விட்டு, பிழிந்த துணியால் துடைத்தேன், அப்புறம் டர்பென்டைன். சோடா மாவும் கம்பி நாரும் வேண்டவே வேண்டாம். அழுக்கு போன பிறகும் நகத்தில் ஒட்டினால் பூச்சே இளகிவிட்டது என்று அர்த்தம், அந்தப் பகுதியை எடுத்தே ஆக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் புதுப் பூச்சு நிற்காது. ஆரம்பத்தில் நானே ஒரு வீட்டில் உலர்ந்த துணியால் சும்மா துடைத்துவிட்டுப் புதுப் பூச்சை ஸ்பிரே அடித்தேன், கதவு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்தது. அந்த வீட்டுக்காரர்கள் முன்பே அடித்திருந்த, பளபளப்புக்கு என்று விற்கிற ஸ்பிரேயில் இருந்த சிலிக்கான் செய்த வேலை. கூலி வாங்காமல் திரும்ப உப்புத்தாள் போட்டேன்.

பழைய லேக்கர் மேல் புது லேக்கர் கரைந்து ஒட்டும், பி.யு. அப்படி ஒட்டாது. 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிவிட்டு அடிக்க வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் இருக்க, பாதியில் நிறுத்தாமல் சட்டம் சேருகிற கோடு வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். வினீர், அதாவது மெல்லிய மரத்தோல், ஒட்டிய கதவா, உப்புத்தாள் போடும்போது கையை அடக்குங்கள். வினீர் அரை மில்லி கனம்கூட இருக்காது, கீழே இருக்கிற பிளைவுட் எட்டிப் பார்த்துவிடும்.

இன்னொன்று. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் எனக்குப் போன் அதிகம் வரும், "கதவு நடுப்பலகை ஓரத்தில் வெள்ளைக்கோடு விழுந்திருக்கு" என்று. அது சேதமே இல்லை. பலகை சட்டத்துக்குள் ஒட்டாமல் நிற்பது, வெயிலில் சுருங்கி, பாலிஷ் படாத ஓரம் வெளியே தெரிகிறது. ஐப்பசி மழையில் திரும்ப ஊதி மறைந்துவிடும். கண்ணை உறுத்தினால் அந்தக் கோட்டில் மட்டும் அதே நிறச் சாயத்தைத் தூரிகையால் இழுத்துவிடுங்கள், சித்திரையில் செய்வதுதான் வசதி, அப்போதுதான் கோடு முழுசாக வெளியே நிற்கும்.

திருநகர் வீட்டில் நாலு கதவையும் மாட்டி முடித்ததும் அந்த அம்மா கேட்டார்கள், "இன்னைக்கே சாம்பார் வைக்கலாமா?" வைக்கலாம், ஆனால் பி.யு. இறுக ஒரு வாரமாவது ஆகும், அதுவரை சோப்புத் தண்ணீர் படக்கூடாது, குக்கரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.