வியப்பூட்டும் கூற்றுக்கு எவ்வளவு சான்று வேண்டும்?

(மதுரையில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் மறுபேச்சின்றி நம்பிவிடுகிறோம். அதே மனிதர், அணையும் திறக்கவில்லை, மழையும் பெய்யவில்லை, ஆனாலும் ஆறு இருகரை தொட்டு ஓடுகிறது என்றால், பாலம்வரை போய்ப் பார்த்த பிறகே நம்புவோம். சொன்னவரின் நேர்மை இரண்டு முறையும் ஒன்றுதான். ஆகவே கூடுதல் சான்று கேட்பது சொல்பவரை அவமதிப்பதாகும் என்ற மனக்குறையை முதலிலேயே விலக்கிவிடலாம்.

வியப்பூட்டும் கூற்றுக்குக் கூடுதல் சான்று வேண்டும் என்ற இக்கருத்தை ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1748-இல் விரிவாக வாதிட்டு எழுதினார். வானியலாளர் கார்ல் சேகன் 1980-இல் தொலைக்காட்சி வழியாக உலகெங்கும் பரப்பினார். ஆனால் அசாதாரணக் கூற்றுக்குத் தனியாக ஓர் உயர்ந்த அளவுகோல் உண்டு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அளவுகோல் எல்லாக் கூற்றுக்கும் ஒன்றே. ஒரு கூற்றுக்கு எதிராக ஏற்கெனவே எவ்வளவு சான்று சேர்ந்திருக்கிறது என்பதே இடத்துக்கு இடம் மாறுகிறது.

எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் நுண்துகளான நியூட்ரினோவைப் பற்றித் தேனி பொட்டிப்புரம் திட்டத்தின் வழியாக நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். (அத்திட்டத்தின் நன்மை தீமை இன்றைய பொருளன்று.) 2011 செப்டம்பரில், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கி.மீ. தொலைவில் இத்தாலியிலுள்ள கிரான் சாசோ ஆய்வகத்துக்கு நியூட்ரினோக்கள் ஒளியைவிட ஏறத்தாழ 60 நானோநொடி முந்தி வந்ததாக ஓபெரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. பல்லாயிரம் பதிவுகள் கொண்ட, கவனமாகச் செய்யப்பட்ட அளவீடு அது. இருந்தும் இயற்பியலாளர் பலர் நம்பவில்லை. காரணம் பிடிவாதம் அன்று. 1987-இல் சுமார் 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் வெடித்ததாகக் காணப்பட்ட விண்மீனிலிருந்து நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்னதாகத்தான் வந்தன, அதுவும் விண்மீனின் மேலடுக்குகளைக் கடந்து ஒளி வெளிப்படத் தாமதமானதால். ஓபெரா சொன்ன வேகம் உண்மையானால் அவை நான்கு ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும். 2012-இல், நேரத்தைக் கணக்கிடும் அமைப்பில் கண்ணாடியிழைக் கேபிள் ஒன்று சரியாகப் பொருத்தப்படாததால் வந்த பிழை அது என்று தெரியவந்தது. பிழை எங்கே என்று தேடித்தாருங்கள் என உலகத்தைக் கேட்டுக்கொண்டதும் அதே ஓபெரா குழுதான் என்பதை இங்கே பாராட்டாகச் சொல்ல வேண்டும்.

இனி நம் பக்கத்துக் கீழடி. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்டபோது, நம்பமுடியாத காலம் என்று சிலர் தயங்கினர். அந்தத் தயக்கத்தை நான் ஓபெராவைப் பற்றிய ஐயத்தோடு சேர்க்கமாட்டேன். அக்காலத்தில் வைகைக் கரையில் நகர வாழ்க்கை இல்லை என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் இருந்ததில்லை. போதிய அளவு தோண்டிப் பார்க்கவில்லை என்பதே இருந்தது. தோண்டாத இடத்தில் ஒன்றும் கிடைக்காததைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் மதுரைக்காரர்களாகிய நாம் ஏற்க வேண்டும். கரியின் காலம் என்பது மரத்தின் அந்தப் பகுதி வளர்ந்த காலம். அங்கே கிடைத்த பானை ஓட்டில் எழுத்துக் கீறிய காலமும் அதுவே என்று சொல்ல, இரண்டும் ஒரே மண்ணடுக்கில் கலையாமல் கிடந்தன என்பதைத் தனியே நிறுவியாக வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பு கி.மு. 3345-க்கே உரியது என்று 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பு இன்னும் கடினமானது. 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்குச் சொல்லப்பட்ட கி.மு. 2172-ஐவிடவும் இது ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது. இரும்போடு கிடைத்த கரி மாதிரிகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களில் கணிக்கப்பட்டது நல்ல செய்தி; ஆனால் அது கரியின் வயதை உறுதிசெய்யுமே தவிர, கரிக்கும் இரும்புக்கும் உள்ள உறவை உறுதிசெய்யாது. துருவேறாத துண்டு கிடைத்தால், உருக்கும்போது உலைக்கரியிலிருந்து அதற்குள்ளேயே கலந்த கார்பனைக் கணிக்கலாம். அதே காலத்து உருக்காலையும் கசடும் வேறொரு களத்தில் கிடைக்கின்றனவா என்று தேடலாம். அறிவிப்பைக் கைதட்டி வரவேற்ற நாமே இந்தச் சோதனைகளைக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.